கட்டுமானப் பணியிடங்களில் கண்காணிப்புக் காமிரா: பராமரிப்பே பாதுகாப்பு

நாட்டின் வளர்ச்சித் திட்டங்களில் பெரும் பகுதி கட்டுமான வடிவிலேயே மக்களைச் சென்றடைகிறது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, மேம்பாலம், குடியிருப்பு, மெட்ரோ ரயில் நிலையம் ஆகிய ஒவ்வொன்றும் சில மாதங்களோ, சில ஆண்டுகளோ வேலி சூழ்ந்த ஒரு பணியிடமாக இருந்த பின்னரே பயனுக்கு வருகிறது. அந்தக் காலம் முழுவதும் முறுக்குக் கம்பி, சிமெண்டு, செம்புக் கேபிள், டீசல், சாரக் குழாய்கள், ஷட்டரிங் தகடுகள் எனப் பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள பொருள்கள் ஏறக்குறைய திறந்த வெளியிலேயே இருக்கின்றன. தொழிலாளர்கள் உயரத்திலும் ஆழத்திலும் பணிபுரிகின்றனர். பொருளையும் உயிரையும் காப்பதற்குத் துணையாகக் கண்காணிப்புக் காமிராக்களைப் பொருத்துவது இப்போது பரவலான வழக்கமாகிவிட்டது.

ஆனால் காமிராக்களை வாங்கிப் பொருத்துவதில் காட்டப்படும் அக்கறை, அவற்றைப் பேணுவதில் காட்டப்படுவதில்லை. ஒரு பணியிடத்தில் இரவு நேரத்தில் ஸ்டோரிலிருந்து கேபிள் சுருள்கள் களவு போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் பதிவுக் கருவியின் முன் அமர்கிறார். திரையில் எல்லாக் காமிராக்களின் காட்சியும் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கிறது. முந்தைய இரவின் பதிவைத் தேடும்போதுதான், ஹார்டு டிஸ்க் பழுதடைந்து 19 நாட்களாக எதுவுமே பதிவாகவில்லை என்பது தெரியவருகிறது. கேபிளின் விலை ஓர் இழப்பு. அதைவிடப் பெரிய இழப்பு மற்றொன்று உண்டு. பதிவு இல்லாத நிலையில் சந்தேகம் காவலாளியின் மீதோ, தொலைதூர மாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளர்களின் மீதோ விழுகிறது. தாம் குற்றமற்றவர் என்பதைக் காட்ட அவர்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

காமிரா இல்லாத பணியிடத்தில் கூடுதல் காவலாளியை நியமிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை உணர்வாவது இருக்கும். இயங்காத காமிரா உள்ள பணியிடத்தில் அந்த உணர்வும் இருப்பதில்லை. எனவே, பராமரிக்கப்படாத காமிரா வீண் செலவு மட்டுமன்று. பொய்யான நம்பிக்கையைத் தந்து, இருக்கும் பாதுகாப்பையும் குறைத்துவிடுவதாகும்.

தலைநகர் வட்டாரம் தரும் பாடம்

இந்தப் பிரச்சினையின் முழுப் பரிமாணத்தையும் டெல்லியிலும் அதனைச் சூழ்ந்த தேசியத் தலைநகர் வட்டாரத்திலும் காணலாம். அங்கு காமிராவுக்குக் களவைத் தடுப்பதோடு மற்றொரு பணியும் தரப்பட்டிருக்கிறது. காற்று மாசுக்குக் கட்டுமானத் தூசு ஒரு முக்கிய காரணம் என்பதால், காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2021-ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாட்டை வகுத்தது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் நடைபெறும் கட்டுமான, இடிப்புப் பணிகள் இணையத்தளத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்பதை, காமிரா வழியாகத் தொலைவிலிருந்தே கண்காணிக்க வழிசெய்ய வேண்டும் என்பன அதன் கூறுகள்.

இந்த ஏற்பாட்டில் உள்ள ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. தூசைக் காண்பதற்காகப் பொருத்தப்படும் காமிராவை முதலில் குருடாக்குவதும் அந்தத் தூசுதான். மேலும், டெல்லியின் பருவநிலை எந்தக் கருவியையும் சோதிக்கக்கூடியது. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. இடையிடையே புழுதிப்புயல் வீசுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை. டிசம்பர், ஜனவரியில் அடர்ந்த மூடுபனி. ஓராண்டுக்குள் ஒரே காமிரா இவை அனைத்தையும் தாங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

இத்துடன் பணி நிறுத்தமும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் தரம் மிகவும் மோசமடையும் நாட்களில் படிநிலைச் செயல் திட்டத்தின்படி கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. 2024 நவம்பர் 18 அன்று அத்திட்டத்தின் நான்காம் கட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சாலை, மேம்பாலம் போன்ற பொதுப்பணிகளும் நிறுத்தத்திற்கு உட்பட்டன. அத்தகைய நாட்களில் பணியிடத்தில் ஆள் நடமாட்டம் குறைகிறது. பொருள்கள் அப்படியே கிடக்கின்றன. காமிராவின் தேவை மிகுதியாகும் அதே நாட்களில்தான் அதைக் கவனிப்பவரும் ஊருக்குச் சென்றுவிடுகிறார். பணி நின்றாலும் காமிராப் பராமரிப்பு நிற்கலாகாது என்பதை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடுவது அவசியம்.

அறியப்படாத பழுது

ஒரு காமிராவின் படம் பதிவாகி, தேவைப்படும்போது கிடைக்க வேண்டுமாயின், காமிரா, கேபிள், ஸ்விட்ச், மின் வழங்கல், பதிவுக் கருவி ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். இவை ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஒவ்வொன்றும் 98 சதவீத நேரம் நன்றாக இயங்குவதாகவும், அவற்றின் பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்றும் கொள்வோம். தனித்தனியே பார்த்தால் 98 சதவீதம் நல்ல மதிப்பெண்தான். ஆனால் ஐந்தையும் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 90 சதவீதமே. அதாவது, ஓராண்டில் சுமார் 35 நாட்கள் அந்தக் காமிரா பயனற்றதாகிறது.

பழுது ஏற்படுவதை முற்றிலும் தடுக்க இயலாது. ஆனால் பழுது ஏற்பட்டது தெரியாமலேயே நாட்கள் கழிவதைத் தடுக்க இயலும். இதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். 16 காமிராக்கள் உள்ள ஒரு பணியிடத்தில் ஒவ்வொன்றும் ஆண்டிற்கு மூன்று முறை பழுதடைகிறது என்றும், பழுது தெரிந்த பின் அதைச் சரிசெய்ய ஒரு நாள் ஆகிறது என்றும் கொள்வோம். ஆண்டில் ஏற்படும் பழுதுகள் 48.

நாள்தோறும் சோதனை செய்யப்படுமாயின், பழுது சராசரியாக அரை நாளில் தெரிந்துவிடும். சரிசெய்யும் ஒரு நாளையும் சேர்த்து ஒவ்வொரு பழுதுக்கும் ஒன்றரை நாள் இழப்பு. ஆண்டிற்கு 72 காமிரா-நாட்கள். மாதம் ஒருமுறைதான் சோதனை என்றால், பழுது சராசரியாக 15 நாட்கள் அறியப்படாமல் கிடக்கும். ஒவ்வொரு பழுதுக்கும் 16 நாட்கள் இழப்பு. ஆண்டிற்கு 768 காமிரா-நாட்கள். மொத்தமுள்ள 5,840 காமிரா-நாட்களில் முன்னது 1.2 சதவீதம், பின்னது 13 சதவீதத்திற்கும் மேல்.

இரண்டு நிலைகளிலும் கருவிகள் ஒன்றே. பழுதுகளின் எண்ணிக்கையும் ஒன்றே. பழுது பார்ப்பவரின் வேகமும் ஒன்றே. வேறுபாடு, ஒருவர் நாள்தோறும் பார்த்தாரா என்பதில் மட்டுமே இருக்கிறது. 16 காமிராக்களைப் பார்வையிட நாளொன்றுக்கு 10 நிமிடங்கள் போதும். ஆண்டிற்கு இது சுமார் 61 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் எட்டு நாள் ஊதியத்திற்கும் குறைவு. இந்தச் சிறு செலவில் 696 காமிரா-நாட்கள் மீட்கப்படுகின்றன. விலை உயர்ந்த கருவியை வாங்குவதால் கிட்டும் பயனைவிட, இருக்கும் கருவியை நாள்தோறும் பார்ப்பதால் கிட்டும் பயன் மிகுதி என்பது இதிலிருந்து விளங்கும்.

தூசும் ஈரமும்

திறந்தவெளிக் காமிராக்களின் உறை ஐ.பி. 66 அல்லது ஐ.பி. 67 என்னும் குறியீட்டைக் கொண்டிருப்பது வழக்கம். முதல் இலக்கமான 6, தூசு உட்புகாது என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது இலக்கம் 6 ஆயின் வேகமாகப் பீய்ச்சப்படும் நீரையும், 7 ஆயின் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்குவதையும் தாங்கும் என்று பொருள். ஆனால் இந்தத் தகுதி, உறை சரிவர மூடப்பட்டிருக்கும் வரையில்தான். கேபிள் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் தளர்ந்தாலோ, பழுது பார்த்தவர் திருகுகளை முழுமையாக இறுக்காமல் விட்டாலோ, அந்தக் குறியீடு வெறும் எழுத்தாகிவிடும். காமிராவைவிட ஜங்ஷன் பெட்டியின் வழியாகவே ஈரம் புகுவது அதிகம். ஆகவே பெட்டியின் கேபிள் துவாரம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கேபிளைச் சற்றே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அதன் வழியே உள்ளே வழியாமல் கீழே சொட்டிவிடும்.

லென்சைத் துடைப்பதிலும் முறை உண்டு. சிமெண்டுத் தூசும் மணலும் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல்கள் விழும், அவை நிரந்தரமானவை. முதலில் காற்றால் ஊதித் தூசை அகற்ற வேண்டும். பிறகு தூய நீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவி, நுண்ணிழைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சிமெண்டுத் தூசு ஈரத்துடன் சேர்ந்தால் இறுகிவிடும் என்பதால், கான்கிரீட் போடும் இடத்திற்கு அருகிலுள்ள காமிராவை அடுத்த நாளே சுத்தம் செய்வது நன்று.

இரவில் காட்சி மங்கலாக இருப்பதற்குக் காமிராவின் பழுதே காரணம் என்று கருதப்படுவதுண்டு. உண்மையில், காமிராவிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்பு ஒளி, கண்ணாடியில் படிந்த தூசிலும், ஒளியை நாடி வரும் பூச்சிகளைப் பிடிக்கச் சிலந்தி பின்னிய வலையிலும் பட்டுத் திரும்புவதே பல வேளைகளில் காரணமாகும். பகலில் நன்றாகத் தெரியும் காமிரா இரவில் வெண்மையாகத் தெரிவதற்கு இதுவே விளக்கம். எனவே, பகல் காட்சியைப் பார்த்து மட்டும் காமிரா நலமாக உள்ளது எனச் சான்று அளிக்கலாகாது. மூடுபனிக் காலத்திலும் அகச்சிவப்பு ஒளி இவ்வாறே பனித்துளிகளில் பட்டுத் திரும்புகிறது. காமிராவிலிருந்து விலகிய இடத்தில் தனி விளக்கு ஒன்றைப் பொருத்துவது இதற்கு ஓரளவு பரிகாரமாகும்.

மின்சாரமும் கேபிளும்

நிரந்தரக் கட்டடத்தில் கேபிள் சுவருக்குள் பத்திரமாக இருக்கிறது. கட்டுமானப் பணியிடத்திலோ அது தற்காலிகக் கம்பங்களில் தொங்குகிறது. அல்லது மண்ணுக்கடியில் செல்கிறது. பொக்லைன் ஒருமுறை தோண்டினால் பாதிக் காமிராக்கள் நின்றுவிடும். கேபிள் செல்லும் பாதையை வரைபடத்தில் குறித்து, தரையில் அடையாளமிட்டு, மண் தோண்டும் பணிக்கு அனுமதி வழங்குமுன் அந்த வரைபடத்தைப் பார்ப்பது என்ற ஒழுங்கு இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

செம்பு இணைக் கேபிளின் வழியே மின்சாரத்தையும் படத்தையும் ஒருசேர அனுப்பும் முறை இப்போது பெருவழக்காகியுள்ளது. இந்தக் கேபிளுக்கான தொலைவு வரம்பு 100 மீட்டர். கட்டடம் விரிய விரிய, கேபிளை ஒட்டுப்போட்டு நீட்டும் பழக்கம் ஏற்படுகிறது. வரம்பைத் தாண்டிய காமிரா சில வேளைகளில் இயங்கும், சில வேளைகளில் நிற்கும். காரணம் புரியாமல் காமிராவை மாற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை. நெடுந்தொலைவுக்குக் கண்ணாடி இழைக் கேபிளே ஏற்றது. அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இடி மின்னலின்போது ஒரு கட்டடத்தில் ஏற்படும் மின்னெழுச்சி அதன் வழியே அடுத்த கட்டடத்தின் கருவிகளுக்குப் பரவுவதுமில்லை.

பணியிடத்தின் மின்சாரமும் நிலையற்றது. டவர் கிரேன், வெல்டிங் எந்திரம், கலவை எந்திரம் ஆகியவை இயங்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. காமிராக்களுக்கெனத் தனி மின்சுற்று, முறையான நிலத்தொடர்பு, மின்னெழுச்சித் தடுப்பான், யு.பி.எஸ். ஆகியவை இன்றியமையாதவை. தலைநகர் வட்டாரத்தில் டீசல் ஜெனரேட்டர்களை இயக்குவதற்கு 2023 அக்டோபர் முதல் கடுமையான நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆகையால் மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று வாளாவிருக்க முடியாது. பாட்டரியின் நலனே முக்கியமாகிறது.

பாட்டரியைக் கண்ணால் பார்த்து மதிப்பிட இயலாது. வாரம் ஒருமுறை மின் இணைப்பைத் துண்டித்து, எவ்வளவு நேரம் கருவிகள் இயங்குகின்றன என்று குறித்துவைக்க வேண்டும். சென்ற மாதம் நான்கு மணி நேரம் தாங்கிய பாட்டரி இந்த மாதம் இரண்டு மணி நேரமே தாங்குமாயின், அது விரைவில் செயலிழக்கும் என்பதற்கான முன்னறிவிப்பு அது. சூரிய மின்தகட்டில் இயங்கும் காமிராவுக்கும் இதுபோன்ற கவனம் தேவை. காமிராவும் செய்தித் தொடர்புக் கருவியும் சேர்ந்து 15 வாட் எடுத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 360 வாட்-மணி மின்சாரம் வேண்டும். தகட்டில் தூசு படிந்தாலோ, புகைமூட்டத்தில் வெயில் குன்றினாலோ அந்தக் கணக்கு தவறிவிடும்.

பதிவின் அளவும் நேரமும்

பதிவு எத்தனை நாட்களுக்கு இருக்கும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ‘ஒரு மாதம்’ என்ற பதிலே கிடைக்கும். ஆனால் அது கணக்கிட்டுச் சொன்ன பதிலாக இருப்பது அரிது. ஒரு காமிரா விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் தொடர்ந்து பதிவு செய்தால் நாளொன்றுக்கு 43.2 ஜிகாபைட் இடம் தேவைப்படும். 16 காமிராக்களுக்கு 30 நாட்கள் என்றால் ஏறத்தாழ 20.7 டெராபைட். இருப்பது 8 டெராபைட் டிஸ்க் ஒன்றாயின், பன்னிரண்டு நாட்களுக்குள் பழைய பதிவு அழிந்து புதிய பதிவு அதன்மேல் எழுதப்படும். பொருள் இருப்புக் கணக்கு மாத இறுதியில் எடுக்கப்படும் பணியிடத்தில், குறைவு தெரியவரும்போது அதற்கான பதிவு மறைந்திருக்கும். எனவே பதிவுக் காலம், இருப்புக் கணக்கு எடுக்கும் இடைவெளியைவிட நீண்டதாக இருக்க வேண்டும் என்பது எளிய விதி.

பதிவுக் கருவி வைக்கப்படும் இடமும் முக்கியமானது. தகரக் கொட்டகையின் வெப்பமும், பைலிங் பணியின் அதிர்வும் ஹார்டு டிஸ்க்கின் ஆயுளைக் குறைக்கின்றன. காற்றோட்டமுள்ள, பூட்டப்பட்ட, அதிர்வு எட்டாத அறை தேவை. களவு செய்வோர் பதிவுக் கருவியையே எடுத்துச் செல்லக்கூடும் என்பதால், முக்கியமான நான்கைந்து காமிராக்களின் பதிவையேனும் வேறோர் இடத்தில் பிரதியாகச் சேமிப்பது நலம்.

கருவியின் கடிகாரம் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் லாரி வெளியேறிய நேரம் காமிராவில் 11.40 என்றும், வாயில் பதிவேட்டில் 11.15 என்றும் இருந்தால், இரண்டில் எதையும் நம்ப முடியாது. எல்லாக் கருவிகளும் இணைய வழியாக இந்திய நிலை நேரத்துடன் தாமாகவே ஒத்திசைந்து கொள்ளும்படி அமைத்துவிட்டு, வாரம் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

கட்டடத்துடன் நகரும் காமிரா

கட்டுமானப் பணியிடத்திற்கே உரிய ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற இடங்களில் காமிரா பார்க்கும் காட்சி மாறுவதில்லை. இங்கோ வாரந்தோறும் மாறுகிறது. அடித்தளம் தோண்டும்போது முழு மனையையும் பார்த்த காமிரா, நான்காம் தளம் எழும்பிய பின் ஒரு தூணை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். சாரமும் பச்சை வலையும் வேறொன்றை மறைத்துவிடும். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. ஆயினும் பயன் இல்லை. ஆகவே, கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டமும் முடியும்போது காமிராக்களின் இருப்பிடத்தை மறுபரிசீலனை செய்வது பராமரிப்பின் ஒரு பகுதியாகும்.

காட்சியின் அகலத்தையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2014-இல் வெளியிட்ட தர நெறியின்படி, ஓர் ஆள் இருக்கிறார் என்று கண்டறிய மீட்டருக்கு 25 படப்புள்ளிகளும், அறிமுகமானவரை இன்னாரென்று தெரிந்துகொள்ள 125 புள்ளிகளும், அறிமுகமில்லாதவரை ஐயத்திற்கிடமின்றி அடையாளம் காண 250 புள்ளிகளும் தேவை. 1,920 புள்ளிகள் அகலமுள்ள காமிரா 76 மீட்டர் அகலத்தில் ஆள் நடமாட்டத்தைக் காட்டும்; ஆனால் முகத்தை அடையாளம் காட்ட வேண்டுமானால் அதன் காட்சி 7.7 மீட்டருக்குள் அடங்க வேண்டும். வாயிலில் முகம் தெரியப் பொருத்திய காமிராவை, ‘எல்லாம் தெரியட்டும்’ என்று எவரேனும் அகலமாகத் திருப்பிவிட்டால் எல்லாம் தெரியும். எவரென்று மட்டும் தெரியாது. இதனால்தான், பொருத்திய நாளன்று ஒவ்வொரு காமிராவின் காட்சியையும் படமாக எடுத்து வைத்துக்கொண்டு, பிற்காலக் காட்சியை அதனுடன் ஒப்பிட வேண்டும் என்று வலியுறுத்தப்படுகிறது.

களவாடத்தக்க விலையுயர்ந்த பொருள்கள் பணியின் இறுதிக் கட்டத்தில்தான் பெருமளவில் வந்து சேர்கின்றன. செம்புக் கம்பிகள், குழாய்ப் பொருத்துகள், மின்தூக்கியின் பாகங்கள் ஆகியவை அக்காலத்தில் வருபவை. காமிராக்களோ அதற்குள் ஓரிரு ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்திருக்கும். பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியை இறுதிக் கட்டத்திற்கென ஒதுக்கிவைப்பது அறிவுடைமையாகும்.

வலைத்தொடர்பின் பாதுகாப்பு

இணையத்துடன் இணைந்த காமிராவைப் பூட்டில்லாத கதவுக்கு ஒப்பிடலாம், அதன் கடவுச்சொல் மாற்றப்படாதிருந்தால். 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லே நீடித்த ஏராளமான காமிராக்களையும் பதிவுக் கருவிகளையும் உலகெங்கும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரும் இணையத்தளங்களை முடக்கியது. உரிமையாளர்களில் பலருக்குத் தங்கள் கருவி இதில் பங்கு கொண்டது தெரியவே இல்லை. இந்தியாவில் கண்காணிப்புக் காமிராக்களுக்கான பாதுகாப்புத் தகுதிகளை மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்தது. அவை 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் தகுதி பெற்ற காமிராவும் பணியிடத்தில் கவனிப்பை வேண்டுகிறது. கடவுச்சொல்லை மாற்றுவது, உற்பத்தியாளர் வெளியிடும் திருத்த மென்பொருளை ஏற்றுவது, பணியிலிருந்து விலகியவரின் அனுமதியை அன்றே நீக்குவது ஆகிய மூன்றும் செலவில்லாத பராமரிப்புகள்.

பதிவு சான்றாக வேண்டுமானால்

திருட்டு வழக்கிலோ, விபத்து விசாரணையிலோ பதிவு ஏற்கப்பட வேண்டுமாயின் அது நம்பத்தக்க முறையில் காக்கப்பட்டிருக்க வேண்டும். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்வோர் சட்டம் கூறும் சான்றிதழையும் இணைப்பது கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவும் சான்றிதழைக் கோருகிறது. அதன் படிவத்தில் ஹாஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஒரு பதிவின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் இந்த எண், பதிவில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தாலும் மாறிவிடும் தன்மையுடையது. மேலும், அக்காலத்தில் கருவி முறையாக இயங்கிக்கொண்டிருந்தது என்பதும் சான்றிதழில் உறுதி செய்யப்பட வேண்டும். பராமரிப்புப் பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால்தான் இந்த உறுதிமொழியைப் பொறுப்பான ஒருவர் மனசாட்சியுடன் கையொப்பமிட்டு அளிக்க முடியும்.

தொழிலாளரும் காமிராவும்

சாரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழுந்துவிட்டால், கீழே பாதுகாப்பு வலை கட்டப்பட்டிருந்ததா, விளிம்பில் தடுப்பு இருந்ததா, அவருக்குப் பாதுகாப்புப் பட்டை தரப்பட்டிருந்ததா என்னும் கேள்விகள் எழுகின்றன. பதிவு இருந்தால் உண்மை தெரியும். பதிவு இல்லையென்றால், அவருடைய கவனக்குறைவே காரணம் என்று சொல்லப்படுவதை அவரது குடும்பம் எளிதில் மறுக்க இயலாது. ஆகவே காமிராவின் பராமரிப்பில் ஒப்பந்தக்காரரைப் போலவே தொழிலாளிக்கும் அக்கறை உண்டு.

ஆனால் இந்த நம்பிக்கை நிலைக்க வேண்டுமாயின் காமிரா எல்லை மீறலாகாது. தொழிலாளர் குடியிருப்பின் உட்புறம், குளிக்கும் இடம், கழிவறை வாயில், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நோக்கிக் காமிரா திரும்பியிருக்கக் கூடாது. புயலிலோ, கிரேனின் உராய்விலோ திசை மாறிய காமிரா தற்செயலாக அவ்விடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். நாள்தோறும் காட்சியை ஒப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். காமிரா இருப்பதையும் அதன் நோக்கத்தையும் தொழிலாளர் அறிந்த மொழியில் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது முறையாகும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்திற்கும் இது இசைந்ததே.

செலவும் பொறுப்பும்

காமிராக்களை வாங்குவது மூலதனச் செலவு. பராமரிப்பது நடைமுறைச் செலவு. மூலதனச் செலவு கண்ணுக்குத் தெரிகிறது; எண்ணிக் காட்டலாம். நடைமுறைச் செலவின் பயன், ஏதும் நேராமல் இருப்பதுதான். அதனால்தான் சிக்கனம் என்ற பெயரில் முதலில் வெட்டப்படுவது பராமரிப்புத் தொகையாகவே இருக்கிறது. டெண்டரில் ‘16 காமிராக்கள் பொருத்துதல்’ என்று எழுதினால், பொருத்திய நாளன்றே ஒப்பந்தக்காரரின் கடமை முடிந்துவிடுகிறது. மாறாக, தொகையின் ஒரு பகுதியைப் பொருத்தும்போதும், எஞ்சியதை மாதந்தோறும் கிடைத்த பதிவின் அளவுக்கேற்பவும் வழங்கலாம். கிடைக்க வேண்டிய காமிரா-நாட்களில் எத்தனை நாட்களுக்குத் தெளிவான பதிவு உள்ளது என்னும் விகிதமே இதற்கு அளவுகோலாகும். வாங்கப்படுவது காமிரா அன்று, பதிவே என்பதை இந்த ஏற்பாடு இரு தரப்பினருக்கும் உணர்த்தும்.

அடுத்தது, பொறுப்பு. காவல் நிலையங்களில் காமிரா பொருத்துவது குறித்து 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், காமிராக்களின் இயக்கம், பராமரிப்பு, பதிவு ஆகியவற்றிற்கு அந்தந்த நிலையத்தின் பொறுப்பு அதிகாரியே பொறுப்பாவார் என்று வரையறுக்கப்பட்டது. கட்டுமானப் பணியிடத்திற்கு அத்தீர்ப்பு பொருந்தாது எனினும், அதன் அடிப்படை பொருந்தும். ‘நிர்வாகம்’ பொறுப்பு என்றால் எவரும் பொறுப்பல்லர். பணியிட அலுவலகத்தில் ஒருவரின் பெயரும், அவர் விடுப்பில் இருக்கும்போது பார்ப்பவரின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அவர் செய்ய வேண்டிய பணிகள் கடினமானவை அல்ல. நாள்தோறும் ஒவ்வொரு காமிராவின் காட்சியையும் மூலப் படத்துடன் ஒப்பிட்டு, முந்தைய இரவு 2 மணியளவில் பதிவான காட்சியை ஒரு நிமிடமேனும் ஓட்டிப் பார்த்து, பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். வாரந்தோறும் லென்சையும் வலைகளையும் சுத்தம் செய்து, பிடிமானத் திருகுகளை இறுக்கி, கடிகாரத்தையும் பாட்டரியையும் சோதிக்க வேண்டும். மாதந்தோறும் கருவியில் உள்ள மிகப் பழைய பதிவு எந்த நாளுடையது என்று பார்த்து, அதில் ஒரு பகுதியைப் பிரதியெடுத்து, அது வேறொரு கணினியில் இயங்குகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பருவந்தோறும், அதாவது புழுதிக்காற்றுக்கு முன் ஏப்ரலிலும், மழைக்கு முன் ஜூனிலும், மூடுபனிக்கு முன் நவம்பரிலும், உறைகள், கேபிள்கள், நிலத்தொடர்பு ஆகியவற்றை முழுமையாகச் சோதிக்க வேண்டும். ஓரிரு காமிராக்களும், ஒரு ஸ்விட்சும், ஒரு ஹார்டு டிஸ்க்கும் கையிருப்பில் இருந்தால் பழுது ஒரு நாளில் நீங்கும்.

உயரத்தில் உள்ள காமிராவைத் துடைக்க ஏறுபவரும் ஒரு தொழிலாளியே என்பதை மறத்தலாகாது. மற்றவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் கருவியைச் சரிசெய்ய ஒருவர் பாதுகாப்புப் பட்டையின்றி ஏணியில் ஏறுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. மின் இணைப்பைத் துண்டித்த பின், துணைக்கு ஓர் ஆளுடன், உரிய அனுமதி பெற்றே அப்பணி நடைபெற வேண்டும்.

முடிவாக, காமிரா காவலாளிக்கு மாற்றன்று, அவருக்குத் துணை. அந்தத் துணை விழித்திருக்கிறதா என்பதை நாள்தோறும் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடும் பழக்கம் வேரூன்றினால், களவு குறையும். விபத்தின் உண்மை வெளிப்படும். குற்றமற்ற எளியவர் மீது பழி விழாது. அதற்கு வேண்டுவது நாளொன்றுக்குப் பத்து நிமிடங்களும், ஒரு பதிவேடும், அதில் கையொப்பமிடும் ஒருவரின் பொறுப்புணர்வுமே ஆகும்.